இளகிய வரிகள்

1975-இல் நெருக்கடி நிலையை அறிவித்த நாளான ஜூன் 25 நெருங்கினால் போதும், அந்தப் படம் எங்கிருந்தாவது வந்துவிடும். 1975 ஜூன் 28 தேதியிட்ட இந்தியன் எக்ஸ்பிரஸ். தலையங்கம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை. இந்த வருஷம் என் பேத்தி அனுப்பினாள். "தாத்தா, நீங்க அப்போ பத்திரிகையிலதானே இருந்தீங்க? உங்க பேப்பர்லயும் இப்படி விட்டீங்களா?" என்று கூடவே ஒரு கேள்வி.

விடவில்லை என்று மட்டும் பதில் போட்டேன். அதோடு முடித்துக்கொள்ள மனம் ஒப்பவில்லை.

வெள்ளை இடம் விட்டவர்களைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. எழுதத்தான் வேண்டும். ஆனால் அந்த வெள்ளை ஓரிரு நாள் சங்கதி. தலையங்க இடத்தைக் காலியாக விடுவதே எதிர்ப்புதான், அதுவும் கூடாது என்று தணிக்கை அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். நெருக்கடி நிலை நீடித்ததோ 21 மாதம். வெளிவந்துகொண்டிருந்த பத்திரிகைகளில் மற்ற நாளெல்லாம் அந்த இடம் நிரம்பித்தான் இருந்தது. எதைப் போட்டு நிரப்பினோம் என்பதை நிரப்பியவர்களில் ஒருவனாவது சொல்ல வேண்டாமா?

எனக்கு அப்போது 24 வயது. சென்னையில் ஒரு தமிழ் நாளிதழில் உதவி ஆசிரியர். பத்திரிகையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. உடன் இருந்தவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை. பதில் சொல்ல முடியாதவர்களைச் சபைக்கு இழுப்பது சரியில்லை. தலையங்கம் எழுதுபவரை எல்லோரும் பெரியவர் என்போம். மாலை ஐந்து மணிக்கு உட்கார்ந்தால் ஆறரைக்கு ஐந்து தாள் எழுதி நீட்டுவார். அடித்தல் திருத்தல் இருக்காது. அதை அச்சுக்கோர்க்கக் கொடுத்து, புரூஃப் திருத்தி, பக்கத்தில் ஏற்றும்வரை கூட நிற்பது என் வேலை.

டெல்லியில் பகதூர் ஷா ஜாபர் மார்க்கில் ஜூன் 25 இரவே மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். பெரிய பத்திரிகைகள் பலவும் அந்தச் சாலையில்தான் அச்சாகும். எங்களுக்கு விளக்கு எரிந்தது, இயந்திரம் ஓடியது. காலையில் வானொலியில் பிரதமர் இந்திரா காந்தி, குடியரசுத் தலைவர் நெருக்கடி நிலையைப் பிரகடனம் செய்திருக்கிறார், பயப்பட ஒன்றுமில்லை என்றார். அப்புறம் விதிமுறைகள் ஒவ்வொன்றாக வந்தன. கைது பற்றி எழுதக் கூடாது. தணிக்கை இருக்கிறது என்பதே வாசகருக்குத் தெரியக் கூடாது. காந்தி, நேரு, தாகூர் மேற்கோள்கள் கூடாது. இந்தக் கடைசி விதியைக் கேட்டதும் பெரியவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார். சுதந்திரம் வாங்கி 28 வருஷம்கூட ஆகவில்லை, காந்தி சொன்னதைப் போடக் கூடாதாம்.

அன்றிலிருந்து எனக்கு இன்னொரு வேலை சேர்ந்தது. தலையங்கத்தின் புரூஃபைத் தணிக்கை அலுவலகத்துக்கு எடுத்துப் போய் முத்திரை வாங்கி வர வேண்டும். சைக்கிளில் இருபது நிமிடம்.

இங்கே அச்சு வேலை பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் பிற்பாடு சொல்வது புரியும். அன்று எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கையால் கோர்ப்பார்கள். கோர்த்த மேட்டர் பக்கத்துக்குள் இம்மி பிசகாமல் இறுக்கமாக உட்கார வேண்டும். தணிக்கை அதிகாரி ஐந்து வரியை அடித்துவிட்டால் ஐந்து வரிக்கு ஓட்டை விழும். வெள்ளையாக விடக் கூடாது. இரவு பத்தரை மணிக்குப் புதிதாக எழுதினால் அதற்கும் முத்திரை வாங்க வேண்டும். அதனால் எங்கள் ஃபோர்மேன் ஒரு வழி வைத்திருந்தார். லெட் என்று ஒன்று உண்டு, மெல்லிய ஈயப் பட்டை. எழுத்தைவிடக் குட்டை என்பதால் அச்சில் விழாது. வரிக்கும் வரிக்கும் நடுவில் அதைச் செருகினால் வரிகள் கொஞ்சம் விலகி நிற்கும். முப்பது வரிக்கு நடுவே செருகினால் ஐந்து வரி ஓட்டை அடைந்துவிடும். செருகிவிட்டு, மேட்டரைத் தட்டிப் பார்த்து, "இளகிடுச்சு தம்பி, எடுத்துக்க" என்பார்.

பேத்திக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டுமே என்று போன மாதம் ஒரு நூலகத்தில் போய் அந்த வருஷங்களின் பைண்டு வால்யூம்களைக் கேட்டு உட்கார்ந்தேன். தாள் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. மூன்று நாள் புரட்டினேன். படிப்பதற்கு முன்பே கண்ணில் பட்டது இளகல்தான். 1975 ஜூலையில் வாரத்துக்கு இரண்டு மூன்று தலையங்கம் அப்படி நிற்கிறது. பக்கத்துப் பத்தியில் வரிகள் நெருக்கமாக இருக்க, தலையங்கப் பத்தி மட்டும் மூச்சு வாங்குகிற மாதிரி விலகி விலகி இருக்கிறது. எந்த இரவில் எத்தனை வரி போயிற்று என்று விரலால் அளந்தே சொல்லிவிடலாம் போலிருந்தது. அந்த இளகலைப் படிக்கத் தெரிந்த வாசகர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? எங்களுக்குத் தெரிந்தது, ஃபோர்மேனுக்குத் தெரிந்தது.

அக்டோபர் 3 இதழ் வந்ததும் அப்படியே நின்றுவிட்டேன்.

அக்டோபர் 2 காந்தி ஜெயந்தி அன்று பிற்பகலில் காமராஜர் காலமானார். செய்தி வந்ததும் அலுவலகம் முழுவதும் எழுந்து நின்றுவிட்டது. யார் சொல்லியும் இல்லை. பெரியவர் அன்று எழுத உட்காரவே ஏழு மணி ஆனது. கடைசிப் பத்தியில் இப்படி ஒரு வாக்கியம் வைத்திருந்தார்: "தாம் வளர்த்த ஜனநாயகத்துக்கு நேர்ந்த கதியை எண்ணி மனம் நொந்தபடியே அவர் கண்மூடினார்." நெருக்கடி நிலை வந்ததிலிருந்து காமராஜர் எவ்வளவு மனவேதனையில் இருந்தார் என்பது அரசியல் தெரிந்த எல்லோருக்கும் தெரியும்.

தணிக்கை அலுவலகத்தில் இருந்தவரை வில்லனாகக் காட்ட எனக்கு மனம் வராது. ஐம்பது வயதைத் தாண்டியவர், தமிழ் படித்தவர், போனால் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொல்வார். அன்று அவருக்கும் கண் சிவந்துதான் இருந்தது. புரூஃபை மேலிருந்து படித்துக்கொண்டே வந்தவர் கடைசிப் பத்தியில் பென்சிலை வைத்தார்.

"அவர் எதுக்கு மனம் நொந்தார் தம்பி?"

நான் பதில் சொல்லவில்லை.

"இல்ல, நாளைக்கு என்னைக் கேட்பாங்க. நான் என்ன சொல்ல? வயசாச்சு, உடம்பு முடியல, போயிட்டார். நாம எல்லாருமே நொந்துதான் போயிருக்கோம். இது வேண்டாமே."

நீலப் பென்சிலால் மெதுவாக, கோணாமல் ஒரு கோடு இழுத்தார். "தாம்" என்பதில் ஆரம்பித்து "நொந்தபடியே" வரைக்கும். அதற்கு மேலே இருந்த நான்கு வரியும் போயிற்று. "அவர் கண்மூடினார்" என்பது மட்டும் மிஞ்சியது.

திரும்பி வந்து பெரியவரிடம் நீட்டினேன். பார்த்தார். "போட்டுடு" என்றார். ஃபோர்மேன் அன்று லெட்டை வழக்கம்போல எல்லா வரிக்கும் பங்கிடவில்லை. கடைசிப் பத்திக்கே முழுவதையும் கொடுத்துவிட்டார். வேண்டுமென்று செய்தாரா, அவசரமா, நான் கேட்டதில்லை. ஐம்பது வருஷம் கழித்துப் பார்க்கிறேன், அந்தப் பத்தியில் வரிகள் ஒன்றுக்கொன்று உறவில்லாததுபோல நிற்கின்றன. அடியில் தனியாக, "அவர் கண்மூடினார்."

பக்கங்களைப் புரட்டப் புரட்ட இளகல் குறைந்தது. நவம்பரில் ஒன்றிரண்டு. அங்கோலாவின் சுதந்திரத்தை வாழ்த்தி ஒரு தலையங்கம் வருகிறது, விடுதலை என்ற சொல்லை வாய் நிறையச் சொல்லியிருக்கிறோம், ஒரு வரி வெட்டு இல்லை. 1976 கோடைக்கு வரும்போது வரிகள் எல்லாம் கச்சிதமாக, நெருக்கமாக, அழகாக இருக்கின்றன. மாதக் கணக்கில் ஒரு லெட் செருகியதாகத் தெரியவில்லை. அரசாங்கம் தணிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். 1976 பிறந்ததுமே, பத்திரிகைச் சுதந்திரத்தைக் காக்க இருந்த பிரஸ் கவுன்சிலை இல்லாமல் செய்தாயிற்று. நான்கு செய்தி நிறுவனங்களை ஒன்றாக்கிச் சமாச்சார் என்று பெயரிட்டாயிற்று. ஆட்சேபகரமான விஷயங்களை வெளியிடுவதைத் தடுக்கச் சட்டமே வந்துவிட்டது. ஜனவரி 31 அன்று திமுக ஆட்சியைக் கலைத்த பிறகு, தமிழ்நாட்டில் அதுவரை இருந்த கொஞ்சநஞ்சக் காற்றும் போயிற்று. பிடி இறுகிக்கொண்டேதான் போனது. வெட்ட ஒன்றும் இல்லாதபடி நாங்கள் எழுதப் பழகிவிட்டோம், அவ்வளவுதான்.

அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். பயத்தால் மட்டும் வந்திருந்தால் எனக்கு இன்று இவ்வளவு வலிக்காது. காமராஜர் தலையங்கத்துக்குச் சில வாரம் கழித்து ஒரு மழை இரவில் நான் முத்திரை வாங்கிக்கொண்டு நனைந்து திரும்பி வந்தேன். ஃபோர்மேன் வீட்டுக்குப் போக வேண்டிய கடைசி ரயில் போய்விட்டிருந்தது. அச்சுக்கோர்ப்பவர் மூன்று பேர் சாப்பிடாமல் காத்திருந்தார்கள். பெரியவர் என் தலையைத் துவட்டத் துண்டை நீட்டிவிட்டு, "வெட்டுவாங்கன்னு தெரிஞ்சே எழுதி, உங்க எல்லாரையும் எதுக்குடா அலைய விடணும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அடுத்த நாளிலிருந்து எழுதுவதற்கு முன்பே அந்த அதிகாரியின் கேள்வியை அவரே தனக்குள் கேட்டுக்கொள்ள ஆரம்பித்தார் என்று நினைக்கிறேன். எங்கள் மேல் இருந்த பிரியத்தால் அவர் தன் பேனாவை மடக்கிக்கொண்டார். நாங்கள் நிம்மதியாக நேரத்தோடு வீடு போய்ச் சேர்ந்தோம்.

"குனியச் சொன்னார்கள், நீங்கள் தவழ்ந்தீர்கள்" என்று பின்னால் அத்வானி பத்திரிகைக்காரர்களைப் பார்த்துச் சொன்னது எல்லோருக்கும் தெரியும். அந்த வாக்கியம் நினைவில் நிற்கும், ஆனால் எங்கள் அறையில் நடந்ததை அது சொல்லவில்லை. நாங்கள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒற்றுப்பிழை இல்லாத நல்ல தமிழில்தான் எழுதினோம். கெட்டுப்போனது அந்தத் தமிழுக்குள்ளேதான்.

பள்ளியில் தோன்றா எழுவாய் என்று படித்திருப்போம். செய்தவன் யார் என்று சொல்லாமலே வாக்கியம் முழுமையாக நிற்கும். நம் மொழிக்கு அது ஒரு சௌகரியம். அந்தச் சௌகரியத்தை நாங்கள் ஒளிந்துகொள்ளும் இடமாக ஆக்கினோம். 1975 ஜூலையில் "அரசு கைது செய்திருக்கிறது" என்று எழுதி அது வெட்டுப்பட்டிருக்கும். செப்டம்பரில் "கைதுகள் நிகழ்ந்துள்ளன." மழை பெய்வதுபோல, யாரும் செய்யாமலே கைது நிகழ்கிறது. அடுத்த வருஷம் அதுவும் இல்லை, "எங்கும் அமைதி நிலவுகிறது." பிறகு எதைச் சொன்னாலும் கடைசியில் "என்று நம்புகிறோம்." விலைவாசி குறையும் என்று நம்புகிறோம். அதிகாரிகள் கனிவோடு நடப்பார்கள் என்று நம்புகிறோம். "எனலாம்" ஒன்று உண்டு. "கருத இடமுண்டு" ஒன்று உண்டு. யார் எனலாம், யார் கருதலாம், அதற்கு யார் இடம் கொடுத்தது என்று கேட்டால் அந்த வாக்கியத்தில் ஆள் கிடையாது. வால்யூமில் இவற்றை வரிசையாகப் படித்துக்கொண்டு போகும்போது, நாங்கள் ஒரு பொய்கூட எழுதவில்லையே என்றுதான் முதலில் தோன்றியது. அதுதான் கொடுமை. பொய்யென்று பிடித்துக் காட்ட ஒரு வரி அகப்படாமல், உண்மையும் ஒரு வரி இல்லாமல், ஒன்றரை வருஷம் எழுதியிருக்கிறோம்.

எல்லோரும் இப்படி இருந்ததாகச் சொல்லிவிட்டால் அது அடுத்த அநியாயம். துக்ளக் கறுப்பு அட்டையோடு வந்தது. கேலிச்சித்திர இதழான ஷங்கர்ஸ் வீக்லி 1975 ஆகஸ்டோடு கடையைக் கட்டிவிட்டது. பம்பாயில் மினூ மசானி, ஃப்ரீடம் ஃபர்ஸ்ட் பத்திரிகைக்காகத் தணிக்கையை எதிர்த்து உயர் நீதிமன்றம் போய் ஜெயித்தார். 1976 பிப்ரவரி 3, அண்ணா நினைவு நாள். கட்சிக்காரர்கள் எத்தனை பேர் சிறையில் என்ற செய்தியைப் போட முடியாத நிலையில், அண்ணா சதுக்கத்துக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று முரசொலி ஒரு பெயர்ப் பட்டியலை வெளியிட்டது. அந்தப் பட்டியலை எங்கள் ஃபோர்மேன் மை படிந்த ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு பெயராக நகர்த்தி நகர்த்திப் படித்ததைப் பார்த்தேன். ஓரிடத்தில் விரல் நின்றது. "மச்சான் இருக்கான்" என்றார். மூன்று நாளாக எங்கே கொண்டுபோனார்கள் என்று தெரியாமல் வீட்டில் அழுதுகொண்டிருந்தார்களாம். அன்று எங்கள் தலையங்கம் ஏரிகளைத் தூர் வாருவதன் அவசியம் பற்றியது. வரிகள் நெருக்கமாக இருந்தன.

இனி என் விஷயம்.

1976 நவம்பரில் மக்களவையின் ஆயுளை இரண்டாம் முறையாக இன்னும் ஒரு வருஷம் நீட்டினார்கள். தேர்தல் இன்னும் தள்ளிப் போகிறது என்று அர்த்தம். பெரியவருக்கு உடம்பு சரியில்லை. "நீ எழுதிப் பாரேன்" என்றார். என் முதல் தலையங்கம். எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? மூன்று முறை எழுதிப் பார்த்தேன். முதல் வாக்கியம் இது: "தேர்தலை ஒத்திவைக்கும் முடிவு பல தரப்பிலும் நிதானத்தோடு ஏற்கப்பட்டிருப்பது வரவேற்கத்தக்கது."

எந்தத் தரப்பு? நான் ஒருவரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வாயைத் திறந்து சொல்ல யாருக்குத் தைரியம் இருந்திருக்கும்? அப்படி எழுதச் சொல்லி ஆசிரியரும் சொல்லவில்லை, முதலாளியும் சொல்லவில்லை, டெல்லியிலிருந்து தந்தியும் வரவில்லை. என் கைக்குத் தானாக வந்தது.

புரூஃபை எடுத்துக்கொண்டு போனேன். அந்த அதிகாரி முழுவதும் படித்தார். பென்சிலை எடுக்கவே இல்லை.

"யார் எழுதினது?"

"நான்தான் சார்."

"அப்படியா! நல்லா எழுதறீங்க தம்பி. நடை சுத்தமா இருக்கு. நிறைய எழுதுங்க."

முத்திரையைக் குத்திக் கொடுத்தார். சைக்கிளை மிதித்துக்கொண்டு திரும்பி வரும்போது எனக்குச் சிறகு முளைத்த மாதிரி இருந்தது. தணிக்கை அதிகாரி பாராட்டிய சந்தோஷம் அது என்று அன்று உறைக்கவில்லை. தமிழ் தெரிந்த ஒரு பெரிய மனிதர் என் நடையைப் பாராட்டினார், அவ்வளவுதான் தோன்றியது. வீட்டுக்குப் போய் அம்மாவிடம்கூடச் சொன்னேன்.

1977 மார்ச்சில் தேர்தல் நடந்தது. ரேபரேலியில் இந்திரா காந்தியே தோற்றார். வட இந்தியாவில் காங்கிரஸ் துடைத்தெறியப்பட்டது. தமிழ்நாட்டிலோ காங்கிரஸ் இருந்த அணிதான் பெருவாரியாக வென்றது. அதற்குப் பல காரணம் உண்டு, கூட்டணிக் கணக்கு உண்டு, அதையெல்லாம் நானும் அறிவேன். ஆனாலும் 1976 ஏப்ரலில் டெல்லி துர்க்மான் கேட்டில் வீடுகளை இடித்து, எதிர்த்தவர்களைச் சுட்ட செய்தி எங்கள் வாசகரின் வீட்டுக்குப் போகவே இல்லை. ஆள் பிடித்துப் பிடித்துக் கருத்தடை செய்ததும் போகவில்லை. அது நடந்த ஊர்களில் மக்கள் கண்ணால் பார்த்தார்கள். இங்கே எங்களை நம்பிப் பத்திரிகை வாங்கியவர்களுக்கு நாங்கள் அமைதி நிலவுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தோம். இது என்னை இன்றைக்கும் தூங்க விடாத கணக்கு.

நெருக்கடி நிலை நீங்கிய அந்த வாரம் பெரியவர் என்னையும் ஒரு தலையங்கம் எழுதச் சொன்னார். ஒரு தடையும் இல்லை, தணிக்கை அலுவலகம் பக்கம் போகவே வேண்டாம். எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்துவிட்டு ஒரு சொல்லைச் சுற்றி வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். "பல தரப்பிலும்."

"யாருப்பா இவங்க? பேரைச் சொல்லு."

எனக்குச் சொல்ல வரவில்லை. நவம்பர் தலையங்கத்தையும் அவர் படித்திருந்தார்தானே, அன்று ஏன் கேட்கவில்லை என்று எனக்குத் தோன்றியது. அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்புறம் பாரதியாரின் இந்தியா பத்திரிகைக் கதையைச் சொன்னார். 1908-இல் அதில் எழுதியவர் பாரதி, பத்திரிகையில் சட்டப்படி பெயர் இருந்தது சீனிவாசனுக்கு, சிறைக்குப் போனவர் சீனிவாசன். "தலையங்கத்துக்குக் கீழே பேர் இருக்காது. அதனாலேயே எழுதினவன் தப்பிச்சுடறான்" என்றார். அவர் என்னைச் சொன்னாரா தன்னைச் சொல்லிக்கொண்டாரா, தெரியவில்லை. பெரியவர் போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

அந்த வால்யூமில் என் நவம்பர் தலையங்கத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். மூன்று பத்தி. ஒரு லெட் இல்லை. நூலகத்தில் அனுமதி வாங்கிப் படம் எடுத்து வந்து, நேற்று இரவு முழுவதையும் தட்டச்சு செய்து முடித்தேன். ஒரு எழுத்தும் மாற்றவில்லை. பேத்திக்கு முதலில் அனுப்பிவிட்டு, நாளைக்கு இங்கே போடுகிறேன். கீழே என் பெயர் இருக்கும்.